அமெரிக்க விவசாயிக்கு ஒரு கல்வெட்டு

தொண்ணூறுகளில் ரொறன்ரோவில் எனக்கு இரண்டு வேலை. ஒன்று பாண் சுடும் தொழிற்சாலையில் தட்டுத் தூக்குவது. மற்றது செத்தவர்களைப் புகழ்வது. முதலாவதுக்குச் சம்பளம் தந்தார்கள், இடுப்பு நாரி போனது. இரண்டாவதை நான் சும்மா செய்தேன். அதில் ஒரே ஒருமுறை, எழுதவேண்டிய ஒரு வரியை எழுதாமல் விட்டேன். அதைச் சொல்லத்தான் இதைத் தொடங்குகிறேன். சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்வெட்டு என்றதும் கல்லையும் உளியையும் நினைக்கவேண்டாம். எங்கள் யாழ்ப்பாணத்து வழக்கத்தில் ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வருகிறவர்களின் கையில் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்போம். அட்டையில் படம், உள்ளே தேவாரம், இறந்த திதிக்கு ஒரு வெண்பா, வாழ்க்கை வரலாறு, பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், கடைசியில் நன்றி. அதற்குத்தான் கல்வெட்டு என்று பெயர். நான் ஊரில் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்தவன். ஆனபடியால் எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவில் யார் கண்ணை மூடினாலும் என் வீட்டு ரெலிபோன் அடிக்கும். "மாஸ்டர், அப்பா மோசம் போயிட்டார். நீங்கள்தான் எழுதவேணும்." மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செத்தவீட்டுக்காரனிடம் எனக்கு அலுப்பாக இருக்கிறது என்று சொல்ல முடியுமா?

எழுதுவதில் ஒரு கஷ்டமும் இல்லை. அதுதான் கஷ்டம். மனைவிக்கு மேலே சோற்றுக் கோப்பையை எறிந்தவர் என்றால் 'கண்டிப்பும் கனிவும் ஒருங்கே அமையப் பெற்றவர்.' காணி வழக்கில் முப்பது வருடம் சகோதரனோடு இழுபட்டவர் என்றால் 'நீதிக்காக நெடிது போராடியவர்.' குடித்தே ஈரலைக் கெடுத்தவர் 'நண்பர் குழாம் சூழ வாழ்ந்தவர்.' எல்லோரும் வந்தாரை வரவேற்று உபசரித்தவர்கள்தான். நான் எழுதிய ஒரு கல்வெட்டிலாவது ஒரு கெட்டவன் செத்ததில்லை. வாசிக்கிறவர்களுக்கும் அது தெரியும். புத்தகத்தைப் புரட்டி, படத்தைப் பார்த்து, "நல்லா எழுதியிருக்கு" என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடிப்பார்கள்.

பாண் தொழிற்சாலை விட்பியில் இருந்தது. நான் இருந்தது ஸ்காபரோவில் ஒரு அப்பார்ட்மென்டில், பதினோராவது மாடி. காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். என்னிடம் காரும் இல்லை, லைசென்சும் இல்லை. என்னை ஏற்றிக்கொண்டு போனவன் எங்கள் ஊர்க்காரன் ஒருவன், என்னைவிட ஏழெட்டு வயது இளையவன். அந்த வேலையை எனக்கு எடுத்துத் தந்ததும் அவன்தான். அவன் ரூஜில் புதுவீடு வாங்கித் தாயோடும் மனைவியோடும் இருந்தான். விட்பிக்குப் போக அவன் கிழக்கே போனால் போதும். எனக்காக ஒவ்வொரு நாளும் முதலில் மேற்கே வந்து, கீழே நின்று இரண்டு முறை ஹோன் அடித்து, என்னை ஏற்றிக்கொண்டு வந்த வழியே திரும்பிப் போவான். மூன்று வருடம் அப்படிச் செய்தான். ஒருநாளும் முகம் சுளிக்கவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். ஊரில் என் வீட்டு முற்றத்தைத் தாண்டி அவனுடைய அப்பா உள்ளே வந்ததில்லை. சாதி. அதை நாங்கள் இரண்டு பேரும் காருக்குள் கதைப்பதில்லை. ஹைவேயில் கதைக்க வேறு எவ்வளவோ இருந்தது.

நாரி நோவுக்கு டொக்டர் சொன்னது ஒரு வரி: "தூக்கிறதை விடுங்கோ." விட்டால் என்ன செய்வது? கொலிஜில் சமூக சேவைப் படிப்பு ஒன்று இருந்தது, படித்தால் மேசையில் இருந்து செய்யும் வேலை கிடைக்கும் என்றார்கள். ஊர்ச் சான்றிதழ்களை எல்லாம் பார்த்துவிட்டு, ஹைஸ்கூல் சரித்திரத்தில் ஒரு கிரெடிட் குறைகிறது, எடுத்துக்கொண்டு வா என்றார்கள். பதினாறு வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன், நாற்பத்துமூன்று வயதில் பின்னேரப் பள்ளிக்கூடத்தில் போய்க் கதிரையில் இருந்தேன். இடம் இருந்த ஒரே வகுப்பு அமெரிக்கச் சரித்திரம்.

"கனடாவுக்கு வந்து அமெரிக்கச் சரித்திரமோ? உங்களுக்கு என்ன விசரோ?" என்றாள் மனைவி. சொன்னவள் அன்றிலிருந்து வகுப்புள்ள செவ்வாயும் வியாழனும் எனக்கு இடியப்பம் கட்டித் தந்தாள்.

ஆசிரியை இளம்பெண். என் கடைசித் தங்கையின் வயது இருக்கும். ஜனாதிபதிகளைப் பற்றி எழுதினால் எல்லோரும் ஒன்றையே பார்த்து எழுதுவார்கள் என்று, யாரும் கேள்விப்படாத பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆட்களாகப் பார்த்துத் துண்டில் எழுதி ஒரு கம்பளித் தொப்பிக்குள் போட்டுக் குலுக்கினாள். எனக்கு வந்தது ஒரு விவசாயி, அரசியல்வாதியும்கூட. ஏரிகளுக்கு அந்தப்பக்கம் உள்ள ஒரு மாநிலத்துக்காரர். அவருடைய மாவட்டத்தைப் பற்றிய பழைய தடித்த புத்தகம் ஒன்றிலிருந்து இரண்டு பக்கத்தைப் போட்டோகொப்பி எடுத்துத் தந்து, மிச்சத்தை நூலகத்தில் தேடச் சொன்னாள். அவர் எப்படி வாழ்ந்தார், என்ன செய்தார் என்று எட்டுப் பக்கம் எழுதவேண்டும். வருட மதிப்பெண்ணில் பாதி அதற்குத்தான். அதில் விழுந்தால் கிரெடிட் இல்லை, கொலிஜ் இல்லை, திரும்பவும் பாண் தட்டு.

அடுத்த நாள் காலை காருக்குள் அவரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினேன். கிழக்கே மலைப்பக்கத்தில் ஒரு ஏழைக் குடியானவனின் ஏழாவது பிள்ளை. இருபது வயதில் வாய்க்கால் படகிலும் பிறகு மாட்டு வண்டியிலும் மேற்கே வந்தவர். வந்த இடம் ஓக் மரக் காடு. மரத்தைச் சுற்றிப் பட்டையை உரித்துவிட்டு, அது நின்றபடியே பட்டுப்போன பிறகு அந்த மரங்களுக்கு நடுவிலேயே கோதுமை விதைத்தவர். காய்ச்சலில் இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்தவர். முதலாவதை அடக்கம் செய்த கிழமையே அறுவடைக்குப் போனதாக அந்தப் பக்கத்தில் இருந்தது.

"பாவம்," என்றான் அவன். "போகாமல் என்ன செய்யிறது? பயிர் நிக்குமே?"

அன்றிலிருந்து நான் ஏறிக் கதவைச் சாத்தியதும் கேட்பான்: "மாஸ்டர், உங்கட வெள்ளைக்காரன் இண்டைக்கு என்ன செய்யிறார்?"

அவர் முதன்முதல் தேர்தலில் வென்ற பதவியைச் சொன்னபோது அவன் ஸ்டியரிங்கில் தட்டித் தட்டிச் சிரித்தான். அந்த நாட்களில் அங்கே ஊருக்கு ஊர் வேலி பார்க்கிறதுக்கென்று ஆட்களைத் தெரிவு செய்வார்களாம். வேலி எல்லை தாண்டியதா, மாடு பூரக்கூடிய ஓட்டை பொட்டு இருக்கிறதா, யார் அடைக்கவேண்டும் என்று தீர்ப்புச் சொல்வது அவர்கள் வேலை.

"வேலி பாக்கிறதுக்கு எலெக்சனோ! கோதாரி, எங்கட ஊர் வேலிச் சண்டைக்கு உவரை ஒரு மாசம் அனுப்பியிருக்கலாம். ஆள் உயிரோடை திரும்பியிருக்காது."

வேலியில் தொடங்கியவர் பிறகு தெருக்களுக்குப் பொறுப்பாக இருந்தார், பிறகு சமாதான நீதவான், பிறகு மாநிலச் சட்டசபைக்கு இரண்டு தடவை போனார். சபை பனிக்காலத்தில்தான் கூடும், விதைப்புக்கு முன் எல்லோரும் வீட்டுக்கு ஓடவேண்டும். ஆட்டைக் கடிக்கிற நாய்களுக்கு வரி போடவேண்டும் என்று ஒரு சட்டத்துக்காக இரண்டு பனிக்காலம் மாரடித்தார். மூன்றாம் தடவை கேட்டபோது, வயல் வடிகாலுக்கு வரி கொண்டுவந்த கோபத்தில் அயலவர்களே அவரைத் தோற்கடித்தார்கள். ஒரு முறைப்பாடும் இல்லாமல் வீட்டுக்குப் போய்ச் செம்மறி வளர்த்தார். எழுபது தாண்டி ஒரு காலையில் மாட்டுக் கொட்டிலில் விழுந்து இறந்தார்.

எனக்கு அந்த மனிதனைப் பிடித்துப்போனது. ஒளிப்பானேன், என் அப்பாவும் அப்படித்தான். புகையிலையும் வெங்காயமும் போட்ட தோட்டக்காரர், இருபது வருடம் கிராமச்சபைத் தலைவர். விடிய நீர் இறைத்துவிட்டு, காலைக் கழுவிக்கொண்டு கூட்டத்துக்குப் போவார். நாங்கள் கனடாவுக்கு வந்த பிறகும் அவர் ஊரைவிட்டு அசையமாட்டேன் என்றார். நான் எழுத எழுத அந்த வெள்ளைக்காரருக்கு அப்பாவின் முகம் வந்துகொண்டிருந்தது.

ஒரு சனிக்கிழமை நூலகத்தில் அந்தச் சட்டசபையின் பழைய நடவடிக்கைப் பதிவுகளை மைக்ரோபிலிம் சுருளில் ஓட்டிப் பார்த்தேன். நாய்வரியைத் தேடப்போன எனக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கறுப்பினப் பிள்ளைகளையும் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் சேர்க்கவேண்டும் என்று ஒரு மசோதா. ஆம் என்றவர்களின் பெயர்கள், இல்லை என்றவர்களின் பெயர்கள், இரண்டு பந்தியாக இருந்தன. என் ஆளின் பெயர் இரண்டாவது பந்தியில். மசோதா தோற்றுப்போனது. நான் அதைப் பார்த்தேன், இரண்டு தரம் பார்த்தேன், பிறகு சுருளை முன்னுக்கு ஓட்டிவிட்டேன். மறைக்கவேண்டும் என்றுகூட யோசிக்கவில்லை. அதை எழுதுவதில்லை, அவ்வளவுதான். இத்தனை கல்வெட்டு எழுதிய கை தானாகவே விட்டுவிட்டது. அதை நான் காருக்குள்ளும் சொல்லவில்லை.

எட்டுப் பக்கமும் எழுதிக் கொடுத்தேன். அதுவரை நான் ஆங்கிலத்தில் எழுதியதில் சிறந்தது அதுதான் என்று நினைப்பு. இரண்டு கிழமை கழித்துக் கட்டுரை திரும்பி வந்தது. ஓரம் முழுக்கப் பென்சிலில் ஒரே கேள்வி. 'வந்தாரை வரவேற்று உபசரித்தவர்' என்ற இடத்தில்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? 'கண்டிப்பும் கனிவும்' என்ற இடத்தில்: இது உங்களுக்கு எப்படித் தெரியும்? பிள்ளைகளின் பிள்ளைகள் வரை பெயர் எழுதி, ஆலமரமாகத் தழைத்த குடும்பம் என்று முடித்திருந்தேன். அதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி மட்டும் இருந்தது. மதிப்பெண் போடவில்லை.

வகுப்பு முடிய மேசைக்குக் கூப்பிட்டாள். அவளிடமும் அந்தச் சட்டசபைப் பக்கம் இருந்தது.

"இதைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன்."

"பார்த்துமா எழுதாமல் விட்டீர்கள்?"

"செத்த மனிதர்," என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அவர் செத்து நூறு வருடம். அந்தப் பிள்ளைகளும் செத்துவிட்டார்கள். ஆற்றைக் கடந்து இந்தப் பக்கம் கனடாவுக்கு அகதியாக வந்தவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யார் எழுதுவது?" என்றாள். பிறகு இன்னொன்றும் சொன்னாள். நான் வரிக்கு வரி நம்பிய அந்தத் தடித்த புத்தகம், முன்கூட்டியே வாங்கச் சம்மதித்துக் கையெழுத்து வைத்தவர்களின் வரலாறுகளை மட்டும் போட்ட புத்தகமாம். அதில் இருந்ததை அவரே சொல்லி எழுதுவித்திருப்பார் என்றாள். எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அந்த மனிதன் உயிரோடு இருக்கும்போதே தனக்குக் கல்வெட்டு அடித்திருக்கிறான்.

"உங்களுக்கு எழுத வருகிறது. திருப்பி எழுதிக்கொண்டு வாருங்கள்," என்று ஒரு மாதத் தவணை தந்தாள்.

மறுநாள் காலை காருக்குள் நான் பொரிந்து தள்ளினேன். "என்ரை வயசிலை பாதி இல்லை அவளுக்கு. நான் பொய் எழுதினனாம். செத்தவனை இழுத்து வைச்சு அடிக்கச் சொல்லுறாள்."

"அவர் என்னத்துக்கு வோட்டுப் போட்டவர் மாஸ்டர்?" என்று கேட்டான்.

சொன்னேன். ஏஜாக்ஸ் தாண்டும்வரை வைப்பர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எழுதுங்கோ," என்றான் பிறகு. "அந்தப் பிள்ளையளின்ரை தாய்மாருக்கு அவரைப் பற்றித் தெரிஞ்சது அது மட்டும்தானே. நாய்வரி அவைக்கு என்னத்துக்கு?"

இன்னும் கொஞ்சத் தூரம் போனதும், ரோட்டைப் பார்த்தபடியே, "சந்திக் கிணறு ஞாபகம் இருக்கோ?" என்றான்.

இருந்தது. எப்படி இல்லாமல் போகும்? அப்பா தலைவராக இருந்த காலத்தில் சபைக் காசில் சந்தியில் ஒரு பொதுக் கிணறு வெட்டினார்கள். நல்ல தண்ணீர். அவனுடைய ஆட்கள் தாங்களும் அள்ளலாமா என்று எழுத்தில் கேட்டார்கள். சபையில் நாலுக்கு நாலு. தலைவருடைய வாக்குத்தான் மிச்சம். அப்பா முடியாது என்றார். அன்று மத்தியானம் சோறு சாப்பிட்டபடி, "ஒரு வாக்கிலை ஊரைக் காப்பாத்தினன்" என்று எங்களுக்குச் சொன்னார். அக்கா அவருக்கு இன்னொரு அகப்பை குழம்பு விட்டாள். நானும் அங்கேதான் இருந்தேன்.

"அம்மா என்னை இடுப்பிலை வைச்சுக்கொண்டு குடத்தோடை நிண்டவா," என்றான். "உங்கட ஆக்கள் ஆரும் வந்து அள்ளி ஊத்துமட்டும் நிக்கவேணும். சில நாள் ஒருத்தரும் வராயினம். இஞ்சை குசினியிலை பைப்பைத் திறந்தாலும் அம்மாவுக்கு அந்தக் கதைதான்."

கோபமாகச் சொல்லவில்லை. சிக்னலைப் போட்டு விட்பிக்கு இறங்கினான். அன்று முழுக்க எனக்குத் தட்டு வழமையைவிடப் பாரமாக இருந்தது.

அந்தக் கிழமையே அப்பா செத்துப்போனார். சண்டையில் ஊரே இடம்பெயர்ந்து போன காலம். கடைசி மூன்று மாதமும் யாரோ ஒரு ஊரின் பள்ளிக்கூடக் கட்டிடத்தில், நூறு குடும்பங்களோடு, சீமெந்துத் தரையில் படுத்திருந்தார். செய்தி வந்தபோது சாம்பல் அள்ளிக் காடாற்றியும் முடிந்துவிட்டது. நான் நிலத்தில் இருந்து சத்தம் போட்டு அழுதேன். எப்படிப்பட்ட அப்பா என்றாலும் அப்பா. பிறகு, ஸ்காபரோவிலேயே இருந்த அக்கா எழுந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு முப்பத்தோராம் நாளுக்கு ஹோல் புக் பண்ணினாள். கல்வெட்டை நான் எழுதவேண்டும் என்று ஒருவரும் சொல்லவே இல்லை. வேறு யார் எழுதுவது?

துக்கத்துக்கு ஒரு கிழமை நின்றுவிட்டு வேலைக்குத் திரும்பிய அன்று அவன் காரை உடனே எடுக்கவில்லை.

"மாஸ்டர், ஒண்டு கேக்கட்டோ? கோவிக்கக்கூடாது."

"கேள்."

"சேர்மன் ஐயாவின்ரை கல்வெட்டிலை அந்தக் கிணத்தை ஒரு வரி எழுதுவியளோ? திட்டவேண்டாம். நடந்தது எண்டு மட்டும். அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு. உங்கட வீட்டிலை இருந்து ஒருத்தர் அதை ஒருக்காச் சொல்லவேணும், அவ அதைக் கேக்கவேணும். அவவுக்கு வாசிக்கத் தெரியாது, நான் வாசிச்சுக் காட்டுவன்."

மூன்று வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட ஒரே காரியம் அது. "எழுதுறன்," என்றேன். உண்மையாகத்தான் சொன்னேன்.

அந்த நாட்களில் நான் இரண்டு வாழ்க்கை வரலாறுகளை ஒரே மேசையில் வைத்து எழுதினேன். வெள்ளைக்காரருடையதைத் திருத்துவது லேசாக இருந்தது. உபசரித்தவரை வெட்டினேன், ஆலமரத்தை வெட்டினேன், வாக்கை எழுதினேன். வேலி நியாயம் பார்த்து ஊரின் நம்பிக்கையைப் பெற்ற அதே மனிதர் பள்ளிக்கூட வாசலை அடைத்தார் என்று எழுதியபோது எனக்கே நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அதே சூட்டில் அப்பாவுக்கும் எழுதினேன்: 'சந்திக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளலாம் என்ற தீர்மானத்துக்கு எதிராகத் தம் தலைவர் வாக்கை அளித்தார். அது பிழை என்பதை அவருடைய பிள்ளைகள் நாங்கள் அறிவோம்.' ஒரு வரி கேட்டான், இரண்டு வரி வந்தது. வெள்ளிக்கிழமை காருக்குள் சொல்லிக் காட்டினேன். அவன் வாய்க்குள் இரண்டு தரம் சொல்லிப் பார்த்தான். "இவ்வளவும் காணும் மாஸ்டர், போதும்," என்றான்.

சனிக்கிழமை அச்சுக்குக் கொடுக்கமுதல் அக்கா பார்க்கவேண்டும் என்றாள். பார்த்தாள். கண்ணாடியைக் கழற்றினாள்.

"உது என்ன?"

"நடந்ததுதானே அக்கா."

"நடந்தது ஆருக்குத் தெரியாது? தெரிஞ்சவைக்கு எழுதத் தேவையில்லை, தெரியாதவைக்கு ஏன் சொல்லுறாய்? அப்பா ஆரோ ஒரு ஊரின்ரை பள்ளிக்கூடத்துத் தரையிலை கிடந்து செத்தவர். கடைசியிலை வாளியோடை வரிசையிலை நிண்டு எல்லாரும் அள்ளுற கிணத்திலைதான் அள்ளினவராம். அந்த மனுசனை நீ இன்னொருக்காலும் அடிக்கப்போறியோ?" என்று அழத் தொடங்கினாள்.

எனக்கு அலுப்பாக இருந்தது. நாரி நொந்தது, அச்சகம் நாலு மணிக்குப் பூட்டிவிடும், அக்கா அழுகிறாள். இவையெல்லாம் சாட்டுத்தான், தெரியும். பேனையை எடுத்து அந்த இரண்டு வரியையும் வெட்டினேன். வெட்டிய இடம் வெறுமையாக இருந்தது. பக்கத்தை நிரப்பக் கை தானாகவே எழுதியது: 'ஊர்ச் சந்தியில் பொதுக் கிணறு வெட்டுவித்து மக்களின் தாகம் தீர்த்த தகைமையாளர்.' இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. அக்கா வாசித்துவிட்டு, "இப்ப சரி," என்றாள்.

அவனிடம் சொல்லவேண்டும் என்று திங்கள் நினைத்தேன், செவ்வாய் நினைத்தேன். முப்பத்தோராம் நாள் வரைக்கும் ஒவ்வொரு காலையும் காரில் ஏறியதும் நினைத்தேன்.

அன்று ஹோலுக்குத் தாயைக் கூட்டிக்கொண்டு வந்தான். நரைத்த கொண்டை, வெள்ளைச் சேலைக்கு மேல் பனிக்கால ஜக்கெட், மெல்லிய மனுஷி. காதும் கொஞ்சம் மந்தம். வாசலில் நின்ற என் மனைவி மற்றவர்களுக்குக் கொடுத்ததுபோல அவளுக்கும் ஒரு கல்வெட்டைக் கொடுத்தாள். நான் பாயச வாளியோடு பந்தியில் நின்றேன். அவர்கள் மேசைக்குப் பின்னால் நான் வந்தபோது தாய் புத்தகத்தை மகனிடம் நீட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்கை, வாசி. அந்த இடத்தை வாசி."

அவன் புரட்டினான். வாழ்க்கை வரலாற்றுப் பக்கத்தில் விரலை வைத்துக் கீழே கொண்டுபோனான். விரல் ஓரிடத்தில் நின்றது. எந்த இடம் என்று எனக்குத் தெரியும். தகைமையாளர். ஓடிவிடலாமா என்றிருந்தது.

அவன் தாயின் காதுக்குக் கிட்டக் குனிந்தான். விரலை எடுக்கவில்லை.

"சந்திக் கிணற்றில் எல்லோரும் தண்ணீர் அள்ளலாம் என்ற தீர்மானத்துக்கு எதிராகத் தம் தலைவர் வாக்கை அளித்தார்," என்று வாசித்தான். மூச்சு விட்டான். "அது பிழை என்பதை அவருடைய பிள்ளைகள் நாங்கள் அறிவோம்."

ஒரு சொல் பிசகவில்லை.

அவள் புத்தகத்தை வாங்கி, அப்பாவின் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, ஜக்கெட் பைக்குள் வைத்து சிப்பை இழுத்தாள். தலையைத் திருப்பியபோது என்னைக் கண்டாள். என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"எழுதிப்போட்டியள் மாஸ்டர். எனக்கு இது காணும். நல்லா இருப்பியள்."

அவன் என்னைப் பார்க்கவில்லை. நான் அவளுடைய கப்பில் பாயசத்தை ஊற்றினேன். பாதி மேசையில் சிந்தியது.

திங்கட்கிழமை அவன் வரமாட்டான் என்று நினைத்து பஸ் நேரத்தைப் பார்த்து வைத்திருந்தேன். ஐந்து மணிக்கு வழமைபோலக் கீழே இரண்டு முறை ஹோன் அடித்தது. ஏறினேன். கார் ஹைவேயில் ஏறியது.

"தம்பி," என்றேன்.

"விடுங்கோ மாஸ்டர்."

விட்டேன். மேலும் கொஞ்சத் தூரம் போனதும் அவனே கேட்டான். "உங்கட வெள்ளைக்காரன்ரை பேப்பர் வந்ததோ?"

"வந்தது. பாஸ். நல்ல மாக்ஸ்."

"அந்த வோட்டை எழுதினனீங்களோ?"

"ஓம்."

"நல்லது," என்றான். சொல்லிவிட்டுக் கண்ணாடியில் பின்னால் வந்த லொறியைப் பார்த்தான். "அவரின்ரை பிள்ளையள் ஒருத்தரும் இஞ்சை இல்லைத்தானே."

பிறகு சிக்னலைப் போட்டு விட்பிக்கு இறங்கினான். அந்த செப்டெம்பரில் நான் கொலிஜுக்குப் போகத் தொடங்கும்வரை அவன்தான் என்னை ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்கினான்.